பிறப்பாலா, பதிவாலா

ஐம்பத்தைந்து வயது வரை ஜெயலட்சுமிக்கு பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. தன் ஊரான ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறத் தீவுக்காரர்களுக்கான அட்டை ஒன்று போதும். அதைத் தாண்டி அவள் மெயின்லாண்டுக்குப் போனதே இரண்டு தடவைதான். மகள் திவ்யாவை நர்சிங் படிக்கச் சேர்த்தபோது ஒரு முறை, கணவன் காத்தமுத்துவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது ஒரு முறை. திரும்பி வந்தது தனியாக.

காத்தமுத்து போய்ப் பதினோரு வருஷம். வேலை பார்த்த எண்ணெய்ப் பனைத் தோட்டம் மூடிய பிறகு ஜெயலட்சுமி காட்டு இலாகா நர்சரியில் தினக்கூலிக்குப் போனாள். பாலித்தீன் பையில் மண் நிரப்பி, படாக் மரக்கன்று நட்டு, வரிசையாக அடுக்கித் தண்ணீர் காட்டுவது வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் ஊரில், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். திவ்யா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து அவள் கூப்பிடும் நேரம்தான் ஜெயலட்சுமிக்குப் பேச்சு என்று ஒன்று இருக்கும் நேரம்.

அந்தப் பேச்சும் ஒருமுறை மூன்று வாரம் நின்றுபோனது. கூட வேலை செய்யும் ஜோபின் என்ற கோட்டயத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகத் திவ்யா சொன்னபோது, "ஒனக்கு நம்ம ஆளுகள்ல ஒருத்தனும் கெடைக்கலியா?" என்று ஜெயலட்சுமி வெடுக்கென்று கேட்டுவிட்டாள். திவ்யா போனை வைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துத் தாய்தான் இறங்கி வந்தாள்.

"அந்தப் புள்ள மீனு சாப்பிடுமா?"

"சாப்பிடும்மா. தலையக்கூட விடாது."

"அப்ப சரி," என்றாள் ஜெயலட்சுமி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் முதலில் சொன்ன சொல் மகள் மனதில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது என்பது தாய்க்குத் தெரியும்.

கல்யாணம் டிசம்பரில், மஸ்கட்டிலேயே. ஊருக்கு வர இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைக்காது. "நீ வந்தே ஆகணும்மா. என் பக்கத்துல நிக்க ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்றாள் திவ்யா. அது ஜூலை மாதம். மறுநாளே ஜெயலட்சுமி பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் உமா மகேஸ்வரியிடம் போய் உட்கார்ந்தாள்.

உமா மகேஸ்வரி பாரத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பிறந்த இடம் என்றபோது, "சிலோன்" என்றாள் ஜெயலட்சுமி.

உமாவின் விரல் நின்றது. "அக்கா, இங்க ஒண்ணு கேக்குறான். நீங்க எப்படி இந்தியக் குடிமகன்? பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா?"

"கவருமெண்டே கூட்டியாந்துச்சு தாயி. நா அஞ்சு வயசுப் புள்ள. எங்கப்பாரு பாஸ்போட்டுலதான் வந்தோம்."

"அப்படி ஒரு கட்டம் இல்லியே அக்கா."

கொஞ்ச நேரம் யோசித்து, 'பதிவு' என்பதை அழுத்தினாள். உடனே இன்னொரு கட்டம் திறந்தது. பதிவுச் சான்றிதழ் எண் என்ன?

எண் இல்லை. ஜெயலட்சுமியின் அப்பா நாகலிங்கம், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை மலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பிறந்தபோது பிரிட்டிஷ் பிரஜை. அந்த நாடு சுதந்திரம் வாங்கியதும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, மனுப்போட்டு இந்தியர் ஆனவர். கண்டியில் அவருக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டில்தான் குடும்பமே ஏறி வந்தது. மண்டபம் முகாம், மெட்ராஸ், அங்கிருந்து கப்பலில் தீவு. அந்தப் பாஸ்போர்ட்டை அவர் ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். சுனாமியன்று வீடு இருந்த இடத்தில் வீடே இல்லை. பெட்டியைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்? அன்று அவள் தேடியது அண்ணனை.

மனு திரும்பி வந்தது. செப்டம்பரில் போர்ட் பிளேரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவளைப் போல இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த சிலருடைய மனுக்களும் இதே கட்டத்தில் நின்றிருக்கின்றன. என்ன எழுதுவது என்று முடிவு செய்ய ஒரு குழு கூடுகிறது. நேரில் வரவும்.

கப்பலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அவள் கடலைப் பார்க்கவில்லை. குழுவிடம் இந்தியில் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

அலுவலகத்தில் நீண்ட மேசை. எதிரே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி, வலப்பக்கம் சட்டப்பிரிவு அம்மாள், இடப்பக்கம் ஓர் இளம் அதிகாரி. ஓரத்தில் கோப்புகளோடு முருகானந்தம் என்ற கிளார்க். சிவகங்கைப் பக்கத்து ஆள். அவர் மட்டும் அவளைப் பார்த்து, "உக்காருங்கம்மா" என்று தமிழில் சொன்னார்.

பெரியவர் இந்தியில் கேட்டார். அவள் பதில் சொன்னாள். தீவில் வளர்ந்தவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷுக்கு மாறினார்கள். அவள் முகம் முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அவள் பெயரைச் சொன்னார்கள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முருகானந்தம் தோட்டத்துப் பழைய சர்வீஸ் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். நாகலிங்கம் வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதியது. பாஸ்போர்ட் எண் இருந்தது. அதன் கீழே, 'மனைவி, மூன்று குழந்தைகள்.'

சட்டப்பிரிவு அம்மாள் இந்திக்குத் திரும்பினாள். "இந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவர் என்று எப்படித் தெரியும்? பெயர் இல்லையே."

"மூணு பேருல மூத்தது எங்கண்ணே. அத சுனாமியில கடல் கொண்டுட்டுப் போயிருச்சு. கைப்புள்ளயா வந்த தம்பி மண்டபம் முகாமுல காய்ச்சல்ல செத்துருச்சு. மிச்சம் நாந்தான் மேடம்," என்றாள். இந்தியில் தொடங்கியது எங்கே தமிழானது என்று அவளுக்கே தெரியவில்லை. முருகானந்தம் மெதுவாக மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் குனிந்து எதையோ எழுதினாள்.

"குழந்தையாக அப்பாவின் பாஸ்போர்ட்டில் வந்தவர் தானாகவே பதிவு பெற்றவரா, இல்லை தனியாகப் பதிய வேண்டுமா?" என்றார் இளம் அதிகாரி. "அதுதான் கேள்வி."

"டெல்லிதான் சொல்ல வேண்டும். டெல்லி கண்டிக்கு எழுதும். அங்கே பழைய ரிஜிஸ்டர் இருக்கிறதோ என்னவோ. எவ்வளவு நாளாகும் என்று நான் சொல்ல மாட்டேன்," என்றார் பெரியவர். பிறகு அவளைப் பார்த்துக் கனிவாகவே பேசினார். அவர் கெட்டவர் இல்லை. "அம்மா, டிசம்பரில் மகள் கல்யாணம் என்கிறீர்கள். சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. இதுவரை எந்த நாட்டின் குடியுரிமையும் எனக்குக் கிடைத்ததில்லை, நான் நாடற்றவள் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுங்கள். புதிதாகக் குடியுரிமை கேட்டு மனுப்போடலாம். இங்கிருந்தே வேகமாக அனுப்பிவைக்கிறேன். மூன்று மாதத்தில் முடிந்துவிடும்."

டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. முருகானந்தம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். அவர் குரல் ஒரே சீராக இருந்தது. ஓர் இடத்திலும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவள், ரேஷன் கார்டு, ஆதார், முப்பது வருஷத் தோட்ட வேலை, எல்லாம் இருக்கிறவள், தான் யாருமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன, மகள் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்."

வெளியே டீக்கடையில் அவள் வடையைப் பிட்டு வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முருகானந்தம் அங்கே வந்தார். ஒரு டீ சொல்லிவிட்டு, அவளுக்கு எதிரே இல்லாமல் பக்கத்து பெஞ்சில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராதீங்கம்மா. ஒங்க பொண்ணு எந்த வருஷம் பொறந்துச்சு?"

"தொண்ணூத்திமூணு. இங்கனதான், ஹட் பே ஆஸ்பத்திரியில."

"அது பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறப்பால இந்தியன்னு போட்டிருக்கும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா எம்பத்தேழுக்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு, இங்க பொறந்தா மட்டும் பத்தாது. அம்மா அப்பா ரெண்டு பேருல ஒருத்தராச்சும் அன்னைக்கு இந்தியனா இருந்திருக்கணும்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒங்க வீட்டுக்காரரு?"

"அவுகளும் நம்ம மாதிரித்தான். சித்தப்பா பாஸ்போட்டுல வந்தவுக. காகிதம் ஒண்ணும் இல்ல."

"அப்ப பாத்துக்குங்க. நான் நாடற்றவன்னு நீங்க எழுதிக் குடுத்தா, தொண்ணூத்திமூணுல ஒங்க மகளப் பெத்தவ யாரு?"

அந்தக் கையெழுத்தோடு திவ்யாவும் இந்தியர் இல்லாமல் போய்விடுவாள் என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கையிலிருந்த வடைத் துண்டை இலையில் வைத்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கி ஒண்ணும் ஆயிராதே?"

"ஆகும்னு சொல்லல. யாராச்சும் ஒருத்தன் ஒருநா ரெண்டு கோப்பையும் சேத்து வெச்சுப் பாத்தான்னா ஆகலாம். பொண்ணுக்கு பாஸ்போர்ட் ரினியூவல் எப்ப?"

"அடுத்த வருஷக் கடைசியில."

"அதுவரைக்கும் அதுகிட்டயும் சொல்லாதீங்க. பயத்துல பாரத்துல ஒண்ணு கூடக்குறைய எழுதிரும்." எழுந்து போகும்போது, "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக. ஊருல இருக்குதுக. பாத்து எட்டு மாசமாச்சு," என்று சம்பந்தமில்லாமல் சொன்னார்.

இரண்டு மணிக்கு அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "நா நாடத்தவ இல்ல சாப். எங்கப்பாரு இந்தியராத்தான் கப்பலேறுனாரு. டெல்லிக்கே எழுதுங்க," என்றாள். பெரியவருக்கு வருத்தம். பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் மகளிடம் பேசினாள்.

"டிசம்பருக்கு வர முடியாது போல இருக்கு திவ்யா."

"ஏன்? என்ன சொன்னாங்க?"

"காகிதம் பத்தல."

"என்ன காகிதம்? சொல்லு, நா இங்க எம்பசியில கேக்குறேன். இல்ல, அந்த ஆபீஸ் நம்பரக் குடு, நா பேசுறேன்."

திவ்யா பேசுவாள். சும்மா பேச மாட்டாள், சண்டை போடுவாள். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் சொல்லி, யாரோ ஒருவன் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி பேசுவாள். "வேணாம்," என்றாள் ஜெயலட்சுமி. "எனக்கு ஏரோப்ளேன் எல்லாம் ஒத்துக்காது. ஒடம்பும் முன்ன மாதிரி இல்ல. நீங்க நல்லபடியா முடிங்க."

திவ்யா விடவில்லை.

"உமாக்கா சொன்னா. ஏதோ பேப்பர்ல சைன் பண்ணா மூணு மாசத்துல முடிஞ்சிருமாம், நீ மாட்டேன்னுட்டியாம். சச் மே, நெசமாவா?"

கப்பல்துறையில் பார்த்தபோது உமாவிடம் வாய்தவறிச் சொன்னது அது. 

"ஒரு சைன்மா. ஒரே ஒரு சைன். அதுகூட ஒன்னால முடியலன்னா எனக்கு என்னன்னு புரியுது. ஜோபின ஒனக்கு அன்னைக்கும் புடிக்கல, இன்னைக்கும் புடிக்கல. டீக் ஹை, சரிதான்."

இல்லை தாயி, என்று வாய் வரை வந்தது. அதற்கு அடுத்து என்ன சொல்வது? ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "நல்லா இருங்க ரெண்டு பேரும்," என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்ன குரல் அவள் காதுக்கே சம்பிரதாயமாகக் கேட்டது.

கல்யாணத்தன்று அவள் லீவு போடவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? முந்தின வாரம் பெய்த மழையில் கன்றுகள் சில சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள். பதினோரு மணிக்குப் போட்டோக்கள் வந்தன. மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். திவ்யா சந்தன நிறப் புடவை கட்டியிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் அவன் அம்மா, அப்பா, அக்கா. திவ்யாவின் பக்கத்தில் வேறு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். வயதான பெண் அல்ல, திவ்யாவை விடச் சின்னவள். தாலி முடிச்சை அவள்தான் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். கூட வேலை செய்யும் பெங்காலிப் பெண்கள் எட்டிப் பார்த்து, "சுந்தர், பகுத் சுந்தர்," என்றார்கள். "நீ ஏன் போகவில்லை?" என்று ஒருத்தி கேட்டாள். ஜெயலட்சுமி தண்ணீர்க் குழாயைத் திருகப் போய்விட்டாள்.

அதன்பின் போன் குறைந்தது. தினம் வந்தது வாரத்துக்கு ஒன்றானது, பிறகு மாதத்துக்கு இரண்டு. "சாப்டியா?", "மழையா?", "சரி வெக்கிறேன்." ஜோபின் ஒருநாள் மலையாளமும் தமிழும் கலந்து, "அம்மே, சுகந்தானே?" என்று கேட்டான். நல்ல பையன் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை மகளிடம் சொல்ல ஒரு சமயம் வரவில்லை.

சாயங்காலங்கள் நீண்டுபோயின. சில நாள் காலையில் நர்சரியில் போட்ட குட்மார்னிங்குக்குப் பிறகு, மறுநாள் காலை வரை அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டாள். டிவியில் ஓடும் சீரியல்காரிகளுக்கு ஒருநாள் பதில் சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

போர்ட் பிளேரிலிருந்து முருகானந்தம் எப்போதாவது பேசினார். கோப்பு டெல்லி போயிற்று. டெல்லி சட்ட அமைச்சகத்தைக் கேட்டது. அவர்கள் கண்டியைக் கேட்கச் சொன்னார்கள். 'பதிவின் மூலம்' என்று போடலாமா, 'தந்தையின் பதிவின் மூலம்' என்று போடலாமா என்பதில் இரண்டு மேஜைகளுக்குள் நான்கு மாதம் கடிதம் போய்வந்தது. "ஒங்க பேரு அங்க எல்லாருக்கும் மனப்பாடம்மா," என்றார். கேலியாகச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில், "பாஸ்போர்ட் ரினியூவல் ஆயிருச்சு," என்று திவ்யா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஜெயலட்சுமி அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை; தன் காகிதமும் வரட்டும், பிறகு மகளிடம் சொல்லலாம் என்று இருந்தாள்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. உமா மகேஸ்வரி வாசித்துச் சொன்னாள். கண்டிப் பதிவேட்டில் நாகலிங்கத்தின் பெயர் கிடைத்திருக்கிறது. ஹட் பே பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவில் அவருடைய மகளாக இவள் பெயர் இருக்கிறது. ஆகவே தந்தையோடு சேர்த்து இவரும் பதிவு பெற்றவராகக் கருதப்படுவார்.

"கருதப்படுவார்னா?"

"அப்படித்தான்னு வெச்சுக்குறாங்க அக்கா."

அடுத்த மாதம் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. வெளியே கொண்டுபோய் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், கணவன் பெயர். இந்தியர் என்று ஒரு சொல். எப்படி இந்தியர் என்று எங்கும் இல்லை. உமாவிடம் காட்டிக் கேட்டாள். "அது பாரத்துலதான் அக்கா கேப்பாங்க. புக்குல போட மாட்டாங்க," என்றாள் உமா. ஒன்றரை வருஷம் மூன்று ஊர்களில் அவர்கள் எழுதி எழுதி அடித்த வார்த்தைக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. ஜெயலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, மகளுக்கு விடுமுறை. தானாகவே கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தத் தாள், டீக்கடை, தொண்ணூற்றுமூன்று. திவ்யா குறுக்கே பேசவில்லை. 

"ஒன்றர வருஷமாம்மா. ஜோபின் வீட்ல எல்லார்கிட்டயும் எங்கம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னு நா சொல்லி வெச்சிருக்கேன். நானே சொல்லி, நானே அழுதிருக்கேன்."

"ஒனக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னுதான் தாயி..."

"என்கிட்ட சொல்லிருந்தா நா கல்யாணத்தத் தள்ளி வெச்சிருப்பேனே! ஒரு வருஷம், ரெண்டு வருஷம். என்ன போச்சு?"

 தள்ளி வைப்பது என்று ஒன்று இருப்பது இத்தனை மாதத்தில் ஜெயலட்சுமிக்குத் தோன்றவே இல்லை. அதிகாரிகள் தேதி சொன்னால் அந்தத் தேதிக்குள் கிளம்புவது, போ என்றால் போவது, இரு என்றால் இருப்பது, அவ்வளவுதான் அவள் அறிந்தது. சொல்லியிருந்தால் மகள் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருப்பாள் என்ற எண்ணம் அவள் புத்தியில் நுழைய இடமே இருந்திருக்கவில்லை.

"தப்புத்தான்," என்றாள்.

"தப்புன்னு இல்லம்மா. நீ தனியாவே எல்லாத்தயும் முடிவு பண்ணிட்ட. எனக்குக் கொஞ்சம் டைம் குடு. நானே கூப்பிடுறேன்."

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மூன்றாவது வெள்ளியன்று, நர்சரியில் பை நிரப்பிக்கொண்டிருந்தபோது அடித்தது.

"பாஸ்போர்ட்ல ஒன் பேரு என்ன ஸ்பெல்லிங்? டிக்கெட்டுல ஒரு எழுத்து மாறினாக்கூட ஏத்த மாட்டான்."

பாஸ்போர்ட் கைப்பையில்தான் இருந்தது. வந்த நாளிலிருந்து அதை வீட்டில் விட்டு வருவதில்லை. ஜெயலட்சுமிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத்தான் வராது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாளோ என்று சந்தேகம் வர, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். திவ்யா பொறுமையாக எழுதிக்கொண்டாள்.

"சரி, வெக்கிறேன்," என்றாள். எப்போது வர வேண்டும் என்று சொல்லவில்லை. குரலில் கோபம் இருந்ததா, போய்விட்டதா என்றும் பிடிபடவில்லை.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்தபோது, தனக்குக் கொஞ்ச நாள் லீவு தேவைப்படும் என்று ஜெயலட்சுமி சொல்லி வைத்தாள்.

"எந்தத் தேதியிலிருந்து?" என்று அவர் நோட்டைப் பிரித்தார்.

"தேதி இன்னும் வரல்ல சாப்," என்றாள் அவள்.